எந்த ஊசி?

நாய் வளர்க்கிற வீடுகளில் தடுப்பூசிப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான அட்டை, உள்ளே தேதி, குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்து, வரிசையின் கடைசியில் 'அடுத்த தவணை' என்றொரு கட்டம். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. உயிரைக் குடிக்கும் நோய்க்கான ஊசியையும் சாதாரண இருமலுக்கான ஊசியையும் அது ஒரே அளவுக் கட்டத்தில் அடுத்தடுத்து எழுதிவிடுகிறது; எல்லாவற்றுக்கும் அடுத்த தவணை சரியாக ஓர் ஆண்டு கழித்துத்தான். இதனால் ஊசியை நம்புகிறவர்கள் எதையும் கேட்காமல் அத்தனையையும் ஆண்டுதோறும் போட்டுவிடுகிறார்கள்; ஊசியைக் கண்டு பயந்துவிட்டவர்களோ, பயந்தது எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் அத்தனையையும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே நான் சில காலம் தத்தளித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

எங்கள் மிளகு ஆறு கிலோ எடையுள்ள பெண் நாய். பெயர் மிளகு என்றாலும் நிறம் வெள்ளை. பெயர் வைத்தது என் மகள், காரணம் கேட்டால் கோபம் வரும். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படும் நாய்களில் பெரும்பாலானவற்றைப் போல அவளும் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். குட்டிப் பருவத்து ஊசிகளெல்லாம் ஒரு சிணுங்கலோடு முடிந்துபோயின. ஓராண்டு கழித்துப் போடவேண்டிய ஊசிகளுக்காகச் சென்றபோது, கூட்டு ஊசி ஒன்றும் ரேபிஸ் ஊசி ஒன்றும் ஒரே அமர்வில் போடப்பட்டன. வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் முகத்தைத் தரையில் தேய்க்கத் தொடங்கினாள். பிறகு கண்ணிமைகள் தடித்தன, மூக்கைச் சுற்றி உப்பியது, காதுகளின் உட்புறம் சிவந்தது, இருமுறை வாந்தி எடுத்தாள். வந்த ஆட்டோவைப் பிடித்துத் திரும்ப ஓடினோம். ஒவ்வாமையை அடக்கும் ஏவிலும் டெக்ஸாவும் ஊசியாகப் போட்டார்கள். இரவுக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல் பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள். மருத்துவமனையில் அவளைக் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்று நடந்ததைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அடுத்த தவணைக் கட்டத்தில் மட்டும் தேதி தெளிவாக இருந்தது.

அந்தத் தேதி நெருங்க நெருங்க வீட்டுக்குள் பேச்சு வளர்ந்தது. அப்பா முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வீட்டுக்குள்ளயே கெடக்குற நாய்க்கு எதுக்கும்மா ஊசி?" அவருடைய தலைமுறைக்கு நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அவருடைய ஊரில் அந்த ஊசி போட்டுக்கொண்ட பிறகு நடக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றி அவர் சொல்லி நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 1911இல் இமாச்சலத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கிய முறைப்படி, வைரஸ் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளைத் திசுவைப் பீனாலால் செயலிழக்கச் செய்து அந்த மருந்தைத் தயாரித்தார்கள். 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் நரம்புத் திசு மருந்துதான் நெடுங்காலம் தயாரானது. மூளைத் திசுவில் இருக்கும் மயலின் என்னும் பொருள் ஊசி வழியாக உடலுக்குள் போகும்போது, போட்டுக்கொண்டவரின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அவருடைய நரம்புகளையே தாக்கத் தொடங்குவது உண்டு. அரிதாகச் சிலருக்குக் கைகால் விழுந்தது, சிலர் இறந்தும் போனார்கள். 2004-05 வாக்கில்தான் இந்தியா அந்த மருந்தை முழுமையாகக் கைவிட்டு, ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் தயாராகும் மருந்துக்கு மாறியது. இன்று நாய்க்குப் போடும் ரேபிஸ் ஊசியும் அப்படித் தயாராகிச் செயலிழக்கச் செய்யப்பட்டதுதான். அதிலிருந்து நோய் வர வழியே இல்லை. ஆகவே அப்பாவின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மெய்யாகவே ஆபத்து இருந்த ஒரு மருந்தைப் பார்த்து வந்த பயம் அது. மருந்து மாறிய செய்திதான் அவரிடம் வந்து சேரவில்லை.

என் கணவர் எண்களை நம்புகிறவர். அவர் எடுத்து வந்தது 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அங்குள்ள ஒரு பெரிய கால்நடை மருத்துவமனைத் தொடரில் தடுப்பூசி போடப்பட்ட பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்து, ஊசிக்குப் பின் மூன்று நாள்களுக்குள் ஏற்பட்ட பாதிப்புகளைக் கணக்கிட்டிருந்தார்கள்: பத்தாயிரம் நாய்களுக்கு ஏறக்குறைய 38. "ஆயிரத்துக்கு நாலுகூட இல்ல" என்றார் அவர். நான் அதே ஆய்வின் அடுத்த பத்தியைக் காட்டினேன். எடை குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. ஒரே வருகையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடினாலும் கூடுகிறது. பத்துக் கிலோவும் அதற்குக் குறைவான எடையும் உள்ள நாய்களில், கூடுதலாகப் போடும் ஒவ்வோர் ஊசியும் ஆபத்தை 27 விழுக்காடு உயர்த்துகிறது; பெரிய நாய்களில் அது 12 விழுக்காடுதான். கருத்தடை செய்யப்பட்ட, இளவயது, சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. படித்தபோது அந்த ஆய்வை மிளகை எதிரில் உட்காரவைத்து எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது. ஆயிரத்துக்கு நான்கு என்பது எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்த சராசரி. ஏற்கெனவே ஒருமுறை முகம் வீங்கிய ஆறு கிலோ நாயின் கணக்கு அதற்குள் அடங்காது.

இதைப் படித்த எவருக்கும் இயல்பாகத் தோன்றுவது, சிறிய நாய்க்கு மருந்தைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்பதுதான். எனக்கும் தோன்றியது. கிரேட் டேனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் ஒரே அளவு ஊசி போடுவது அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் காய்ச்சல் மாத்திரை போல எடைக்கு ஏற்ப அளந்து தருகிற மருந்தன்று இது. நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டி எழுப்பக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்ற கணக்கில்தான் ஒரு குப்பி தயாராகிறது. பாதி போட்டால் ஒவ்வாமை பாதியாகும் என்பதற்கு உறுதி கிடையாது. பாதுகாப்பு கிடைக்காமல் போக மட்டும் வாய்ப்புண்டு.

மேசைமேல் மூன்று குப்பிகள்

இந்த நிலையில் தோழி ஒருத்தி சொல்லி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மாலை நேரத்தில் மட்டும் சிறிய அறையொன்றில் நாய்களையும் பூனைகளையும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மிளகை அழைத்துப் போகவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "ஊசி போடலாமா வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த ஊசியச் சொல்றீங்கம்மா?" என்றார். தடுப்பூசி என்றேன். "அதான், எந்தத் தடுப்பூசி?" என்றார் மறுபடியும். பதில் சொல்லத் தெரியாமல் நான் நின்றது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. எழுந்து போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, மூன்று சிறு குப்பிகளைக் கொண்டு வந்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

முதல் குப்பியின் அடியில் உலர்ந்த வெள்ளை வில்லை ஒன்று ஒட்டிக் கிடந்தது. மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டம்பர், குடலைத் தாக்கும் பார்வோ, நாய்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி, இருமலைத் தரும் பாராஇன்ஃபுளுயன்சா ஆகியவற்றின் வைரஸ்கள் வீரியம் குறைக்கப்பட்டு, உயிரோடு, அந்த வில்லைக்குள் இருக்கின்றன என்றார். இரண்டாவது குப்பியில் நீர்மம். கூட்டு ஊசி போடும்போது இந்த நீர்மத்தை எடுத்து வில்லையைக் கரைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கரைப்பதற்கான வெறும் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். பல நிறுவனங்களின் கூட்டு ஊசிகளில் அந்த நீர்மமே தனியொரு தடுப்பூசி: எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைரா கிருமியைக் கொன்று தயாரித்தது. மூன்றாவது குப்பி ரேபிஸ். "உங்க நாய்க்கு அன்னிக்கு இந்த மூணும் சேர்ந்து போயிருக்கு. மொகம் வீங்கினது எதுனாலன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாம எப்படி மூணையும் நிறுத்துவீங்க? தெரியாம எப்படி மூணையும் மறுபடி ஒண்ணாப் போடுவீங்க?"

அந்த மேசையின் முன் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்த பூனைக்காரர் காத்திருந்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. வீட்டில் அத்தனை மாதங்களாக நடந்த வாதம் எதைப் பற்றியது என்று அப்போதுதான் விளங்கியது. 'தடுப்பூசி' என்று ஒரு பொருள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் நன்மை தீமைகளை நாங்கள் எடை போட்டுக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பொருள் இல்லை. மூன்று குப்பிகளுக்கும் மூன்று நோய்க் கணக்குகள், மூன்று கால அளவுகள். பயனை அடைகிறவர்கள்கூட வேறு வேறு. பக்கவிளைவு மட்டும் மூன்றுக்கும் பொதுவாக, எதனுடையது என்று அடையாளம் தெரியாமல் வந்து நின்றது. அதனாலேயே அது அத்தனை பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

சீம்பாலும் பார்வோவும்

வில்லைக் குப்பியைப் பற்றித்தான் அதிகக் குழப்பம் நிலவுகிறது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு குடும்பம் லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி வந்தது. விற்றவர் கொடுத்த புத்தகத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தன; "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாதத்தில் குட்டி இரத்தமாகக் கழிந்து, வாந்தியெடுத்து, சலைன் ஏற்றியும் பிழைக்கவில்லை. பார்வோ. அந்தக் குடும்பத்தினர் இன்றும் ஊசிகளை நம்புவதில்லை; ஊசி போட்டும் செத்துப்போன குட்டியைப் பார்த்தவர்களிடம் வாதிட யாருக்கு வாய் வரும்?

ஆனால் அந்தக் குட்டியின் மரணத்துக்கு வேறொரு விளக்கம் இருக்கிறது. பிறந்த குட்டி தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்புப் பொருள்களைப் பெறுகிறது. அவை குட்டியை நோயிலிருந்து காக்கின்றன. அதே வேலையாக, ஊசி வழியே வரும் வீரியம் குறைந்த வைரஸையும் அழித்துவிடுகின்றன. தாய் தந்த காப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்து, ஊசியைத் தடுக்க மட்டும் போதுமான அளவில் எஞ்சியிருக்கும் சில நாள்கள் ஒவ்வொரு குட்டியின் வாழ்விலும் வரும். அந்த நாள்கள் எப்போது என்று தெரியாததால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். அந்த லாப்ரடாரின் இரண்டு ஊசிகளும் உண்மையிலேயே போடப்பட்டிருந்தாலும், கடைசி ஊசி விழ வேண்டிய வயதை அது எட்டவே இல்லை.

பார்வோவின் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1978 வாக்கில்தான் உலகம் அறிந்த இந்த வைரஸ், பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸிலிருந்து நாய்களுக்குத் தாவியது என்கிறார்கள். இது மண்ணில் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். வழக்கமான தரை கழுவும் திரவங்கள் பலவற்றுக்கு அசையாது. ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போன்றவற்றுக்குத்தான் சாகும். நம் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். 'வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்' என்ற அப்பாவின் வாதம் குட்டிப் பருவத்தில் நிற்காமல் போவது இதனால்தான். டிஸ்டம்பரும் இலேசானதன்று, 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து மாண்டபோது அவற்றின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த நாய் வைரஸ்தான்.

ஆனால் இதே குப்பியின் கணக்கு, நாய் வளர்ந்த பிறகு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. குட்டிப் பருவ ஊசிகள் ஒழுங்காக முடிந்து, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ ஒரு நினைவூட்டு ஊசியும் விழுந்துவிட்டால், டிஸ்டம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகிய மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு பல ஆண்டுகள் நிலைக்கிறது. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல், அதன் பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இதைப் போடத் தேவையில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நம் ஊரில் ஆண்டுதோறும் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆண்டுக்கொருமுறை மருத்துவர் நாயைத் தொட்டுப் பார்க்க இந்த ஊசி ஒரு சாக்காக இருக்கிறது என்று நம் பெரியவரே ஒப்புக்கொண்டார். பல்லையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க ஆண்டுக்கொருமுறை போவது நல்லதுதான். அதற்காக வேண்டாத வில்லையைக் கரைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை காட்டிய சிறிய நாய்க்கு இது இன்னும் பொருந்தும். பயன் ஏதும் கூடாத இடத்தில் சிறு ஆபத்தையும் எதற்காக ஏற்க வேண்டும்?

இங்கே ஒரு பக்கச் செய்தி. உயிருள்ள வைரஸ் இருக்கும் குப்பி இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரிலேயே இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் அந்தக் குளிர்பதனப் பெட்டிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். கடையில் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மருந்து வெந்துபோயிருந்தால் புத்தகத்தில் ஸ்டிக்கர்தான் மிஞ்சும். முகம் வீங்கினாலோ, கையில் அதற்கான மருந்தும் இருக்காது.

தேங்கிய நீர்

லெப்டோ குப்பியைப் பற்றிய முடிவு வேறொருவருக்கு வேறாக இருக்கலாம். நாங்கள் இருப்பது வேளச்சேரியில். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் நீர் நிற்காத ஆண்டு குறைவு. எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவும் கிருமிக்கு இதைவிட வசதியான ஊர் வேண்டுமா? நாய்க்கு வந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டிலுள்ளவர்களுக்கும் வரக்கூடும். அதே நேரம், மூன்று குப்பிகளிலும் இந்த ஊசிக்குத்தான் குறைகள் அதிகம். கொல்லப்பட்ட பாக்டீரியாவிலிருந்து தயாராவதால் பாதுகாப்பு ஏறத்தாழ ஓராண்டுதான் நிற்கும். ஆகவே இதை ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். கிருமியின் பல வகைகளில் குப்பியில் உள்ள வகைகளுக்கு எதிராகவே இது வேலை செய்யும். நம் தெரு எலியிடம் இருப்பது வேறொரு வகையாக இருந்தால் பயன் குறையும். பாக்டீரியா ஊசிகளால்தான் ஒவ்வாமை அதிகம் என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே நெடுங்காலமாக உண்டு. இப்போதையவை முன்பைவிடத் தூய்மையாகத் தயாராகின்றன என்றும் சொல்கிறார்கள்.

நீர் தேங்காத மேட்டுப்பாங்கான ஊரில், மாடியில் வாழும் நாயாக மிளகு இருந்திருந்தால் இந்தக் குப்பியை நான் விட்டிருப்பேன். வேளச்சேரியில் விட மனம் வரவில்லை. ஆனால் இதைத் தனியாக, வேறொரு நாளில், பருவமழைக்கு முன்பாகப் போடுவது என்று முடிவு செய்தோம். ஊசி போட்டதால் எலியை மறந்துவிடலாம் என்று பொருளில்லை. இரவில் நாய்த் தட்டில் சோறு மிஞ்சவிடாமல் இருப்பதும், தேங்கிய நீரில் அவளை நடத்தாமல் இருப்பதும் ஊசிக்குச் சற்றும் குறையாத பாதுகாப்பு.

ஆபத்து ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு

மூன்றாவது குப்பிக்கு வரும்போது மருத்துவரின் குரல் மாறியது. முதல் இரண்டு குப்பிகளைப் பற்றி என்னோடு கலந்து பேசியவர், இதை எனக்கும் அவருக்கும் இடையே தள்ளி வைத்துவிட்டு, "இது உங்க நாய்க்கு மட்டும் போடுற ஊசி இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போது, ஊசியின் வலியைத் தாங்குவதும் நோயிலிருந்து தப்புவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளையே. நாய்க்கு ரேபிஸ் ஊசி போடும்போது அப்படியில்லை. முடிவெடுப்பது நான், பக்கவிளைவு வந்தால் தாங்குவது மிளகு, அதன் பயனில் பெரும்பங்கு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும், கூரியர் கொண்டுவரும் பையனுக்கும், மாடிப்படியில் அவளைக் கொஞ்ச வரும் குழந்தைகளுக்கும் போகிறது. அவர்களில் யாரையும் நான் கலந்து கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். 'என் நாய், என் முடிவு' என்ற பேச்சு முதல் குப்பிக்குப் பொருந்தும், இரண்டாவதற்கு ஓரளவு பொருந்தும். இந்தக் குப்பிக்குப் பொருந்தாது.

எண்களையும் பார்த்தேன். இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அண்மையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் அதை 5,726 என மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம், ரேபிஸ் மரணங்கள் 43. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மாறவில்லை: அறிகுறி தோன்றியபின் இந்த நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய நடக்காத காரியம். மிளகின் முகவீக்கத்துக்கு ஏவில் இருந்தது. தராசின் இந்தத் தட்டில் உள்ளதற்கு மருந்தே கிடையாது. நாயின் பக்கத்திலிருந்து பார்த்தாலும், வெறிநாய் ஒன்று அவளைக் கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய்க்கு உடனே மறு ஊசி போட்டுக் கண்காணித்துக் காப்பாற்ற வழியுண்டு. ஊசி போடாத நாயை மாதக்கணக்கில் தனிமைப்படுத்த வேண்டும், அல்லது கருணைக் கொலைதான் என்ற இடத்தில் போய் நிற்கும். சென்னையில் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாக மாநகராட்சியின் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. எங்கள் வாயிற்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஊசி போட்ட நாய்தானே கடித்தது என்று கடிபட்டவருக்கு மருத்துவம் செய்யாமல் விடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விடக் கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும், அவருக்கு ஊசியைத் தொடங்க வேண்டும், நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். எந்த ஊசியும் நூறு விழுக்காடு வேலை செய்யாது என்பது ஒரு காரணம். புத்தகத்தில் இருக்கும் ஸ்டிக்கர் குப்பிக்குள் இருந்த மருந்தின் தரத்தைச் சொல்லாது என்பது இன்னொன்று. ரேபிஸ் ஊசியையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று உரிமம் பெற்றவை பல நாடுகளில் உள்ளன. நோய் இவ்வளவு பரவிக் கிடக்கும் இடத்தில் நான் அந்தச் சலுகையைக் கேட்கத் துணியவில்லை. மாநகராட்சியில் வாங்கும் செல்லப்பிராணி உரிமத்துக்கும் நடப்பில் உள்ள தடுப்பூசிச் சான்றுதான் கேட்கிறார்கள்.

பெரியவர் எழுதித் தந்த முறை எளிமையானது. முதலில் ரேபிஸ் ஊசி மட்டும். அதுவும் காலையில், மருத்துவர் அருகில் இருக்கும் நேரத்தில், விடுமுறை நாளுக்கு முந்திய நாளாக இல்லாமல். போட்டபின் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுப்பது குறித்தும் கேட்டேன். சில நாய்களுக்குக் கொடுப்பதுண்டு என்றும், அது வீக்கத்தைக் குறைக்கலாமே தவிர கடுமையான ஒவ்வாமையை நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். சில வாரங்கள் கழித்து லெப்டோ மட்டும். வில்லைக் குப்பிக்கு அந்த ஆண்டு வேலையே இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், எந்தத் தேதியில் எந்தெந்த ஊசிகளுக்குப் பின் முகம் வீங்கியது என்பதையும் அதற்குக் கொடுத்த மருந்துகளையும் அவர் கைப்பட எழுதினார்.

ரேபிஸ் ஊசிக்குப் பின் மிளகுக்கு ஒன்றும் ஆகவில்லை. லெப்டோ ஊசியன்று மாலை இமைகள் இலேசாகத் தடித்தன, மாத்திரையோடு அடங்கிவிட்டது. இதைக் கொண்டு குற்றவாளி இன்னதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே நாயின் ஒரே நிகழ்ச்சி எதையும் நிரூபிப்பதில்லை. ஆயினும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் லெப்டோவைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கும், வேறு நிறுவனத்தின் குப்பியைப் பார்ப்பதா என்பதையும் சேர்த்து.

இந்த ஆண்டு வில்லைக் குப்பியின் முறை வருகிறது. அதைப் போடாமலே, இரத்தத்தில் டிஸ்டம்பருக்கும் பார்வோவுக்கும் எதிரான பொருள்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை உண்டு. ஊசியைவிட அதற்குச் செலவு கூடுதல். இருக்கிறது என்று வந்தால் ஊசி வேண்டாம், இல்லை என்று வந்தால் இரண்டு செலவும் நம் தலையில். கணவர் நேராக ஊசியே போட்டுவிடலாம் என்கிறார். அப்பா வழக்கம்போல் எதுவும் வேண்டாம் என்கிறார். ஆனால் ரேபிஸ் ஊசிக்கான தேதியை அவரே நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நான் பரிசோதனையின் பக்கம் சாய்கிறேன். பெரியவரிடம் வரும் வாரம் கேட்க வேண்டும்.